கேள்வி இல்லாத செக்லிஸ்ட்

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவளாம்.

"மேடம், பழைய சாப்ட்வேர்ல இருக்கிற செக்லிஸ்ட் டெம்ப்ளேட் எல்லாத்தையும் புதுசுக்கு மாத்துறோம். ஏபிஐ வழியா கேட்டா பேரு மட்டும் வருது, உள்ள ஒண்ணுமே வரல. நீங்க இருந்தப்ப எப்படி எடுத்தீங்க?"

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "பேரு வந்துடுச்சுனு யார்கிட்டயும் காட்டிடாதம்மா" என்றேன்.

"ஏன் மேடம்?"

அந்த ஏனுக்குப் பதில் போனில் அடங்காது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது. கம்பெனி மலரில் போடுவதானால் பாசிட்டிவாக எழுதுங்கள் என்று அவளுடைய மேலதிகாரி சொல்லியனுப்பியிருக்கிறார். முயன்றிருக்கிறேன்.

என் தொழில் கட்டடம் கட்டுவதல்ல. மற்றவர்கள் கட்டுவதைப் பார்த்து முகம் சுளிப்பது. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். சிவில் டிப்ளமோ முடித்து, திருவண்ணாமலையில் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் மணல் சலித்தேன், கான்கிரீட் கட்டிகளை அச்சில் வார்த்து உடைத்துப் பார்த்தேன், "மேடத்துக்கு நாற்காலி போடுப்பா" என்று சொல்லி என்னை வேலையிலிருந்து தள்ளி உட்கார வைக்கப் பார்த்தவர்களைச் சமாளித்தேன். அதற்கு மேல் பயிற்சிக் காலத்தில் சொல்ல ஒன்றுமில்லை. தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைமை ஏற்றபோது எனக்குத் தலை நரைத்திருந்தது.

அப்போதெல்லாம் செக்லிஸ்ட் காகிதத்தில் இருந்தது. கூரைக்குக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வரிசையாக அச்சடித்திருக்கும். பலகையைத் தாங்கும் முட்டு நேராக நிற்கிறதா, பலகை மட்டமாக இருக்கிறதா, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளிக் கட்டைகள் வைத்தாயிற்றா, மரத்தூளும் குப்பையும் கூட்டியாயிற்றா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை. அது பொற்காலம் என்று நான் சொல்லப் போவதில்லை. முக்கால்வாசி காகிதங்கள் டீக்கடை பெஞ்சில்தான் நிரம்பின. ஒரே மூச்சில் மேலிருந்து கீழே போட்ட டிக் எது, பார்த்துப் பார்த்துப் போட்ட டிக் எது என்று எனக்கு மையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தக் காகிதத்திலும் ஒரு நல்ல விஷயம் இருந்தது. பொய் சொல்கிறவன் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் பொய் சொல்ல வேண்டும்.

பிறகு சாப்ட்வேர் வந்தது. சென்னைத் தலைமை அலுவலகம் வாங்கியது. வெளிநாட்டுச் சரக்கு. கட்டடம் கட்டும் வேலை முழுவதையும் அதற்குள்ளேயே நடத்தலாம் என்றார்கள். அதனோடு செக்லிஸ்ட் டெம்ப்ளேட்டுகளும் வந்தன. டெம்ப்ளேட் என்றால் நிரப்பாத மாதிரிப் படிவம். அதில் கூரைக்கான படிவத்தின் மூன்றாவது கேள்வி, "பலகை மேல் படிந்த பனிக்கட்டி அகற்றப்பட்டதா?" என்பது.

மலையே தகதகவென்று காயும் சித்திரை மாதம். எங்கள் சைட் இன்ஜினியர் செல்வம், அகற்றப்பட்டது என்று டிக் போட்டிருந்தான்.

"எங்க கொட்டினப்பா அந்தப் பனியை?" என்று கேட்டேன்.

"இல்லனு போட்டா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது மேடம்" என்றான்.

அந்தக் கேள்விகளை எல்லாம் தூக்கிவிட்டு நம் ஊருக்கு ஏற்ற கேள்விகளைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு வந்தது. அவற்றை சாப்ட்வேரிலிருந்து எடுத்து சைட்காரர்களின் போனில் தெரியவைக்கும் சின்ன ஆப் ஒன்றைச் செய்ய பர்ஜானாவை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். டவுனில் அவளுடைய அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ரமணாசிரமம் பக்கம் ஒரு அறை எடுத்து புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். கீழே ஓட்டலில் வெள்ளைக்காரர்கள் இஞ்சி டீ குடித்துக்கொண்டு அமைதியைத் தேடுவார்கள். மேலே நாங்கள் இருவரும் சென்ட்ரிங் முட்டுகளைப் பற்றிச் சண்டை போடுவோம்.

ஏபிஐ என்றால் என்ன என்று அவளிடம்தான் கேட்டேன்.

"ஓட்டல் கவுன்ட்டர் மாதிரி மேடம். நம்ம ஆப் போய் கேக்கும், அந்த சாப்ட்வேர் எடுத்துக் குடுக்கும். ஆனா ரெண்டு தடவை கேக்கணும். மொத தடவை, என்னென்ன டெம்ப்ளேட் இருக்குனு கேட்டா பேரும் நம்பரும் வரும். அது மெனு கார்டு. அப்புறம் ஒவ்வொரு நம்பரா சொல்லிக் கேட்டாத்தான் உள்ள இருக்கிற கேள்வி எல்லாம் வரும். அதான் சாப்பாடு."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அவள் எழுதிய ஆப் இரண்டு தடவையும் கேட்டது. மெனுவும் வந்தது, சாப்பாடும் வந்தது. ஒரே குறை, மலையடிவாரத்து சைட்டில் சிக்னல் கம்மி. இரண்டாவது தடவை கேட்கும்போது திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பொறுமையாக நின்றால் வந்துவிடும்.

பொறுமை என்ற சொல்லோடு பாஸ்கரனை அறிமுகப்படுத்துவது சரியல்ல. ஆனாலும் அவர் வரவேண்டிய இடம் இதுதான்.

பாஸ்கரன் எங்கள் பிராஜக்ட் மேனேஜர். செங்கம் ரோட்டில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த தங்கும் விடுதிக்குப் பொறுப்பு. சிமெண்டுத் தூசி படியாத வெள்ளைச் சட்டை. அது எப்படிப் படியாமல் இருக்கிறது என்று நாங்கள் வியப்போம். சைட்டுக்குள் வராவிட்டால் படியாது என்பது பின்னால் புரிந்தது. அவர் கேள்வி கேட்கும் முறையே தனி. "லெவல் எல்லாம் ஓகேதானே?" என்பார். பதிலையும் அவரே கேள்விக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார். நாம் தலையாட்டினால் போதும். இல்லை என்ற சொல் காதில் விழுந்தால் ஈ ஓட்டுவது போலக் கையை அசைத்து, "பாசிட்டிவா சொல்லுங்க" என்பார். கம்பி குறைகிறது என்று ஒருமுறை சொன்னேன். பாசிட்டிவா என்றார். "கம்பி சேர்க்க நல்ல வாய்ப்பு இருக்கு சார்" என்றேன். சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார்.

சாப்ட்வேரில் டாஷ்போர்டு என்று ஒரு பக்கம் உண்டு. ஆய்வு முடிந்தால் பச்சை, பாக்கி இருந்தால் சிவப்பு. காலையில் ஆபீஸுக்கு வந்ததும் பாஸ்கரன் அதைத் திறந்து பார்ப்பார். எல்லாம் பச்சையாக இருந்தால் விரல்களைத் திரையில் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்வார். கற்பூரத்தட்டு ஒன்றுதான் பாக்கி.

சென்னையிலிருந்து முதலாளி ஆப்பைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் பாஸ்கரன் ஒத்திகை பார்த்தார். சக்கரம் சுற்றியது.

"என்னம்மா இது, கிரிவலம் போற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு? எதால லேட்டாவுது?"

"உள்ள இருக்கிற கேள்வியெல்லாம் எடுக்குது சார்" என்றாள் பர்ஜானா.

"பேரு சட்டுனு வருதில்ல? அது போதும். டெமோவுக்கு பேரை மட்டும் காட்டு."

"சார், கேள்வியே இல்லாம முடிச்சா அதையும் முடிஞ்சதாத்தான் எடுத்துக்கும். தப்பு ஒண்ணுமே இல்லனு நூறு பர்சென்ட் காட்டும்."

பாஸ்கரனின் முகம் மலர்ந்தது. அவள் அதை எச்சரிக்கையாகச் சொன்னாள். அவர் காதில் அது வரமாக விழுந்தது.

"டெமோ முடிஞ்சதும் மாத்திக்கலாம்" என்றார்.

நானும் வாதாடிப் பார்த்தேன். "மேடம், ஒரு நாள் விஷயம்" என்றார். பர்ஜானா இரண்டாவது தடவை கேட்பதை எடுத்துவிட்டாள். மறுநாள் முதலாளி வந்தார், தொட்டார், எல்லாம் தொட்டவுடன் வந்தது. எங்கள் சைட் முழுப் பச்சை. கைதட்டினார்கள். அந்த வாரமே பர்ஜானாவின் ஒப்பந்தம் முடிந்ததாகச் சொல்லி, ஏபிஐயைத் திறக்கும் கடவுச்சாவியை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். வேலை முடிந்ததாம். மாற்ற வேண்டியதை மாற்ற ஆளே இல்லை. காகிதத்தையாவது கொண்டுவருகிறேன் என்றதற்கு, டிஜிட்டல் சைட்டில் காகிதம் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு போட்டார் பாஸ்கரன். அதையும் அவர் காகிதத்தில்தான் அச்சடித்து ஒட்டினார்.

நான் விடவில்லை. என் கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு கூரைக்கும் நேரில் போய்ப் பார்த்துச் சரிசெய்ய வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் இல்லாத இடத்தில் பச்சைதான் ஆண்டது.

விடுதிக்குப் பின்புறம் ஒரு தியான மண்டபம். உயரமான கூரை, நடுவில் தூண் கிடையாது. கீழே பள்ளமாக இருந்த இடத்தைச் செம்மண் கொட்டி நிரப்பி, அதன் மேல்தான் திருகி உயரம் கூட்டும் நீளமான ஜாக்கி முட்டுகளை நிறுத்தியிருந்தார்கள். மண்ணை இறுக்கிக் கெட்டிப்படுத்திய பிறகே முட்டு நிறுத்த வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, நான் கீழ்பென்னாத்தூரில் நடந்துகொண்டிருந்த இன்னொரு வேலைக்குப் போயிருந்தேன். அதற்குள் அவசரமாகக் கான்கிரீட் தேதி குறித்துவிட்டார்கள். மறுநாள் பௌர்ணமி. பௌர்ணமி என்றால் செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் தவிர வேறெதுவும் நகராது. போலீஸ் லாரிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். ஆகவே இன்றே ஊற்றியாக வேண்டும் என்பது பாஸ்கரனின் கணக்கு. முந்தின சாயங்காலம் நல்ல மழை பெய்தது அவருடைய கணக்கில் இல்லை.

செய்தி கேட்டு பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது ரெடிமிக்ஸ் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பம்பின் நீண்ட குழாய் மண்டபத்துக்கு மேல் வளைந்து நின்றது. போனைத் திறந்தேன். "கூரை கான்கிரீட்டுக்கு முந்தைய ஆய்வு" என்று தலைப்பு. அதன் கீழே வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லை. அதற்குக் கீழே பச்சையில், "முடிந்தது. நூறு சதவீதம்."

சென்ட்ரிங் மேஸ்திரி ஏழுமலை மண்டபத்துக்குள் நின்றிருந்தார். கான்கிரீட் ஊற்றும்போது முட்டுகளைக் கவனிக்க, அவரும் அவருடைய ஆட்களும் கூரைக்கு அடியிலேயே நிற்பது வழக்கம்.

முட்டுகளை எப்படிப் பார்ப்பது என்று புதியவர்கள் என்னைக் கேட்பதுண்டு. முதலில் தொடக்கூடாது. அடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முட்டின் காலுக்கு வைத்த அடிப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த முட்டு தாங்கவில்லை, தொங்குகிறது. பிறகு ஒரு கையால் திருகிப் பார்க்க வேண்டும். மேலே பாரத்தை வாங்கிக்கொண்டிருக்கும் முட்டு அசையாது. கடைசியாகச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். இறுகியது கணீரென்று சொல்லும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும்.

மேற்கு மூலையில் உட்கார்ந்தேன். மழைத் தண்ணீர் இறங்கி மண் அமுங்கியிருந்தது. அடிப்பலகைகளுக்குக் கீழே வெளிச்சம். முட்டு ஒன்றைப் பிடித்துத் திருகினேன். தண்ணீர்க் குழாய் போலச் சுழன்றது. பக்கத்தில் இருந்ததும் சுழன்றது.

"இன்னா மேடம் இது, காலையில நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் ஏழுமலை.

"மண்ணு எறங்கிட்டிருக்கு. உங்க ஆளுங்க எல்லாரையும் வெளிய கூட்டிக்கிட்டுப் போங்க."

வெளியே பாஸ்கரன் செல்வத்தோடு நின்றிருந்தார். "சார், நிறுத்துங்க. மேற்கு மூலையில முட்டு தொங்குது" என்றேன்.

"ஆப் பச்சையா இருக்கே மேடம்."

"அதுல கேள்வியே இல்ல சார்."

"கேள்வி இல்லனா பிரச்சினை இல்லனுதானே அர்த்தம்? பிரச்சினைனா ஆப்ல பதிவு பண்ணுங்க. வாய்ல சொன்னா நான் எடுத்துக்க முடியாது. பிராசஸ்னு ஒண்ணு இருக்கு."

பதிவு செய்யப் போனேன். அப்போதுதான் அந்த ஏற்பாட்டின் முழு அழகும் விளங்கியது. இல்லை என்று சொல்ல ஒரு கேள்வி வேண்டும். கேள்வி கிடையாது. ஆம் என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒரு செக்லிஸ்ட்டை நாங்கள் செய்து முடித்திருந்தோம்.

முதலாளிக்குப் போன் செய்தேன். உதவியாளர் எடுத்தார். "சார் கெஸ்ட்டோட இருக்கார் மேடம். உங்க சைட் கிரீன்லதானே இருக்கு? இங்க டிவியில டாஷ்போர்டுதான் ஓடிட்டிருக்கு" என்று வைத்துவிட்டார்.

பாஸ்கரன் கையை உயர்த்தினார். முதல் லாரியின் வயிறு உருள ஆரம்பித்தது. "கீழ ஆள் இல்லாம எப்படி? போய் நில்லுங்கப்பா" என்று ஏழுமலையைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க வேணா போய் நில்லு சார்" என்றார் ஏழுமலை. மரியாதையும் கோபமும் அந்த ஒரே வாக்கியத்தில் கலந்திருந்தன. அவருடைய ஆட்கள் ஒருவரும் நகரவில்லை. ஆனால் கூரைமேல் இருந்தவர்கள் வேறு காண்டிராக்டரின் ஆட்கள். அவர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டார்கள். மேற்கு மூலையில்தான் கான்கிரீட் விழ ஆரம்பித்தது. இறங்கச் சொல்லிக் கத்தினேன். பம்பு சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

சற்றுத் தள்ளி ஓடி பர்ஜானாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"என்கிட்ட சாவி இல்லயே மேடம்" என்றாள். உடனே, "இருங்க, இருங்க. டெம்ப்ளேட் உருவாக்குற லாகின் உங்களுக்கு இன்னும் இருக்கில்ல?"

"இருக்கு. கேள்வி எழுதினா எவன் போன்லயும் வராதே. பேருதானே வரும்?"

"பேருதானே வரும்? பேர்லயே எழுதுங்க!"

எழுதினேன். சாப்ட்வேரில் நுழைந்து புதிய டெம்ப்ளேட் ஒன்றை உருவாக்கினேன். பெயர் என்று கேட்ட கட்டத்தில், "மேற்கு மூலை முட்டு தொங்குகிறது. மேலே ஆட்கள் இருக்கிறார்கள். கான்கிரீட்டை நிறுத்து" என்று அடித்து எங்கள் சைட்டுக்கு ஒதுக்கினேன்.

புதிய டெம்ப்ளேட் என்றால் ஆய்வு பாக்கி. பாக்கி என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் டாஷ்போர்டில் எல்லாவற்றுக்கும் மேலே வரும். உள்ளே இருப்பதை எடுக்க வேண்டியதில்லை என்பதால் தொட்டவுடன் வந்தது. பாஸ்கரன் விரும்பிய அதே வேகம். செல்வத்தின் போன் கீச்சென்றது. பம்புக்காரரின் போன் கீச்சென்றது. சென்னையில் முதலாளி, விருந்தாளிகளுக்கு எதிரில், எங்கள் பசுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். அவருக்குப் பின்னால் சுவரளவு டிவியில் இந்த வாசகம் சிவப்பில் ஏறியது.

பாஸ்கரனின் போன் அடித்தது. எடுத்ததும் நிமிர்ந்து நின்றார்.

"சார், எல்லாம் பாசிட்டிவ்தான் சார். அது வந்து, மேடம் ஒரு சின்ன… இல்ல சார்… ஆமா சார், மேல ஆளுங்க இருக்காங்க சார்…"

ஒரு கேள்விக்கு அவர் வாயிலிருந்து "இல்ல" என்று பதில் வந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். போனை இறக்கினார். பம்புக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். சத்தம் நின்றது. "இறங்குங்கய்யா, எல்லாரும் இறங்குங்க" என்று ஏழுமலை ஏணியடியில் நின்று கத்தினார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆள் நிதானமாக, பாதி ஏணியில் நின்று பீடிக்கட்டைத் தேடினான். அவனைத் திட்டி இறக்கினோம்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. மேற்கு மூலை பெருமூச்சு விட்டதுபோல முனகியது. முட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. பலகை தொய்ந்து, ஈரக் கான்கிரீட் கம்பிகளோடு சரிந்து, ஏழுமலை வழக்கமாக நிற்கும் இடத்தில் குவிந்தது. ஏழுமலை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கீழே உட்கார்ந்து தன் பெண்டாட்டிக்குப் போன் செய்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு வைத்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததை இளையவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தொழிலில் முன்னேறுவது எப்படி என்பது இதில்தான் இருக்கிறது.

விசாரணை நடந்தது. பாஸ்கரன் அறிக்கை கொடுத்தார். "நமது டிஜிட்டல் முன்னெச்சரிக்கை அமைப்பு வெற்றிகரமாகச் செயல்பட்டு உயிர்களைக் காத்தது" என்பது அதன் முதல் வரி. எதைக் கேட்ட பிறகும் அவர் பம்பை ஓடவிட்டார் என்பது கடைசி வரியிலும் இல்லை. சில மாதங்களில் சென்னையில் டிஜிட்டல் பிரிவுக்குத் தலைவரானார். இப்போது எல்லா ஊர்களுக்கும் அவர்தான் பச்சை.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. டெம்ப்ளேட்டுகளுக்குப் பெயர் வைப்பதற்கான விதிமுறையை மீறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பெயர் சுருக்கமாக இருக்க வேண்டுமாம், முற்றுப்புள்ளி வரக்கூடாதாம். அடுத்த முறை முற்றுப்புள்ளி இல்லாமல் எச்சரிக்கிறேன் என்று பதில் எழுதினேன்.

பர்ஜானாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சாவியைக் கையில் கொடுத்தால்தான் உள்ளே வருவேன் என்று வாசலிலேயே நின்றாள். கொடுத்தார்கள். இரண்டாவது தடவை கேட்பதை மறுபடி சேர்த்தாள். சிக்னல் இருக்கும் இடத்தில் கேள்விகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும்படியும் செய்தாள். கேள்வி இல்லாத படிவத்தை யாரும் முடிக்க முடியாதபடி பூட்டினாள். இதெல்லாம் அவள் முதலிலேயே செய்ய நினைத்தவைதான். அவகாசம் கொடுத்திருந்தால் ஒரு வாரத்து வேலை.

மண்டபத்தில் மண்ணைத் தோண்டி, இறுக்கி, மேலே கல் கான்கிரீட் படுக்கை போட்டு, முட்டுகளைப் புதிதாக நிறுத்தினோம். நானும் ஏழுமலையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டோம். கூரை ஒரு வெடிப்பு இல்லாமல் வந்தது.

திறப்பு விழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து பாஸ்கரன் வந்திருந்தார். வெளிநாட்டுக்காரர்களும் உள்ளூர்ப் பெரியவர்களும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சிறிது நேரம் கண்ணை மூடி அமைதியாக இருக்கும்படி ஒருவர் மைக்கில் கேட்டுக்கொண்டார். பாஸ்கரன் முதல் வரிசையில் கண்ணை மூடினார். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதி.

நான் மூடவில்லை. மேற்கு மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வையை இறக்கியபோது, எதிர்ச் சுவரோரம் ஏழுமலையும் அதே மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.